மோடத்தின் தொலைபேசி இடைமுகச் சுற்று

மோடத்தின் தொலைபேசி இடைமுகச் சுற்று என்பது கணினி மோடத்தைத் தொலைபேசிக் கம்பியுடன் நேரடி மின்தொடர்பு இன்றிப் பிணைக்கும் மின்சுற்று ஆகும். ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குரல் அலைவெண்களை இது இரு திசையிலும் கடக்கவிடுகிறது. ஆபத்தான மின்னழுத்தங்களைத் தடுக்கிறது.

தேவை

தொலைபேசி நிலையம் கம்பி இணைக்குச் சுமார் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் அளிக்கிறது. மணி ஒலிக்கையில் இதனுடன் 20 முதல் 25 ஹெர்ட்ஸ் கொண்ட, 100 வோல்ட்டை நெருங்கும் மாறுமின்னழுத்தம் சேர்கிறது. அருகில் மின்னல் தாக்கினால் இதைவிடப் பன்மடங்கு அழுத்தம் தூண்டப்படலாம். மோடத்தின் சில்லுகளோ 5 வோல்ட் அல்லது அதற்கும் குறைவான அழுத்தத்தில் இயங்குபவை.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. கணினியின் மின்வழங்கி பழுதுற்று வீட்டு மின்சாரம் தொலைபேசிக் கம்பியில் ஏறினால், அக்கம்பியில் பணிபுரியும் ஊழியரின் உயிருக்கே அது கேடாகும்.

அமைப்பு

* மிகையழுத்தக் காப்பு: கம்பியில் திடீரென எழும் உயர் அழுத்தத்தை மட்டுப்படுத்துகிறது.
* மணி உணரி: மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, மணிக்குறிகையை மட்டும் ஒளிப்பிணைப்பிக்கு அனுப்புகிறது. அதிலுள்ள ஒளியுமிழ் இருமுனையம் ஒளிரும்போது, எதிரிலுள்ள ஒளி உணரி அழைப்பை மோடத்துக்கு அறிவிக்கிறது.
* ரிலே: இது மூடுவது ரிசீவரை எடுப்பதற்கு ஈடானது. அப்போது கம்பியில் பாயும் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட மின்னோட்டத்தைக் கண்டு, நிலையம் டயல் ஒலியை அனுப்புகிறது.
* தனிமைப்படுத்தும் மின்மாற்றி: தரவுக் குறிகையைக் காந்தப்புலத்தின் வழியே கடத்துகிறது. கம்பிக்கு ஈடாக 600 ஓம் மின்மறுப்பு கொண்டதாக வடிவமைப்பது வழக்கம்.
* இருகம்பி-நாற்கம்பி மாற்றி: அனுப்புதலும் பெறுதலும் ஒரே கம்பி இணையில் நிகழ்வதால், மோடம் தான் அனுப்பும் குறிகையையே திரும்பக் கேட்க நேரும். பெறும் பக்கத்தில் அதனை இது பெருமளவு கழிக்கிறது.

இவ்வாறு ஒளி, காந்தப்புலம், ரிலேயின் அசைவு ஆகியவையே தடுப்பைத் தாண்டிச் செய்தி கொண்டு செல்கின்றன. இரு பக்கத்தையும் இணைக்கும் மின்கடத்தி ஏதும் இல்லை.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் பிறர் தயாரித்த கருவிகளைத் தன் கம்பிகளில் இணைக்க ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் தடை விதித்திருந்தது. 1968ஆம் ஆண்டின் கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு இத்தடையைத் தகர்த்தது. அதன்பின் வலையமைப்பின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, தான் வழங்கும் காப்புக் கருவியின் வழியாகவே இணைக்க வேண்டும் என அந்நிறுவனம் விதித்தது. 1970களில் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் கொணர்ந்த பதிவு விதிகள், தகுதி பெற்ற கருவிகளை நேரடியாக இணைக்க வழிவகுத்தன. இதனால் காப்புச் சுற்று மோடத்தின் உள்ளேயே இடம்பெற்றது.

1990களின் இறுதியிலிருந்து பல மோடங்களில் மின்மாற்றிக்குப் பதிலாக, உயர் அழுத்தம் தாங்கும் மின்தேக்கிகளைத் தடுப்பாகக் கொண்ட சில்லுகள் பயன்படுத்தப்பட்டன. தொலைபேசிக் கம்பியில் இயங்கும் தொலைநகலிகளிலும் இத்தகைய சுற்றே உள்ளது.