ஒரு டார்ட்டுக்கு இவ்வளவு பெரிய வரிசையா? லிஸ்பனின் பெலெம் பேக்கரியில் அப்படி என்ன இருக்கு?

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்கும் இடங்களில் ஒன்று, நகரின் மேற்கே உள்ள 'பாஸ்டெய்ஸ் டி பெலெம்' பேக்கரி. மொறுமொறுவென்று அடுக்கடுக்கான மாவுக் கிண்ணம், உள்ளே மஞ்சள் கஸ்டர்ட், மேலே ஆங்காங்கே தீய்ந்த கரும்புள்ளிகள். 1837 முதல் இதைத்தான் விற்கிறார்கள்.

கதை பக்கத்தில் இருக்கும் ஜெரோனிமோஸ் மடாலயத்தில் தொடங்குகிறது. அந்தக் காலத்து மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கரு பயன்பட்டதாகவும், மிஞ்சிய மஞ்சள்கரு இனிப்பாக மாறியதாகவும் சொல்வார்கள். 1820 புரட்சிக்குப் பின் நிலைமை மாறியது. 1834-ல் நாடு முழுக்க ஆண் துறவியரின் மடங்கள் கலைக்கப்பட்டன. பிழைப்புக்கு வழி? மடத்து டார்ட், பக்கத்துச் சர்க்கரை ஆலையை ஒட்டிய கடையில் விற்பனைக்கு வந்தது. அதாவது, இன்றைக்குச் செல்ஃபி எடுத்துச் சாப்பிடும் இந்த இனிப்பு, வருமானம் இழந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக விற்றது.

செய்முறை இன்றுவரை ரகசியம். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டுமே தெரியும். மாவும் கஸ்டர்டும் தனி அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் தயாராகின்றன. 'பெலெம்' பெயரும் இந்தக் கடைக்கே சொந்தம். மற்ற கடைகளில் கிடைப்பது 'பாஸ்டெல் டி நாட்டா'. அதுவும் லேசுப்பட்டதல்ல. எது ருசி என்று லிஸ்பன்காரர்களுக்குள்ளேயே பஞ்சாயத்து உண்டு!

மேலே தூவிக்கொள்ளப் பட்டைத்தூளும் பொடித்த சர்க்கரையும் தருவார்கள். பட்டைக்கும் நம்ம பக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது: 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இலங்கைக் கரையைப் பிடிக்க முக்கியக் காரணமே அங்கு விளைந்த பட்டைதான்.

போவது எப்படி? நகர மையத்திலிருந்து 15இ டிராம். வாசலில் நீளும் வரிசை பெரும்பாலும் பார்சலுக்கானது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். உள்ளே நீல, வெள்ளை ஓடு பதித்த பெரிய பெரிய கூடங்கள் இருக்கின்றன. உட்கார்ந்து சூடா சாப்பிடுவதுதான் சரி, ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஒத்துவராது.

வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அதே ஜெரோனிமோஸ் மடாலயத்தில்தான். அதையும் பார்க்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று மடாலயத்துக்கு விடுமுறை.