649 டாலரா, 299 டாலரா? (2008 கோடையில் நடந்த ஒரு கிராபிக்ஸ் கார்டு விலைப்போர்)

ஒரு பொருள் சந்தைக்கு வந்து ஒரே மாதத்தில் 150 டாலர் விலை குறைகிறது என்றால் என்ன அர்த்தம்? பழைய சரக்கு, தள்ளுபடியில் தள்ளிவிடுகிறார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் இது புத்தம்புதுச் சரக்கு. ஒற்றைச் சிப் கொண்ட கிராபிக்ஸ் கார்டுகளில் அன்றைக்கு உலகத்திலேயே வேகமானது. ஆண்டு 2008. கார்டின் பெயர் என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 280.

ஜூன் 16 அன்று அது அறிமுகமானபோது விலை 649 டாலர். அதன் தம்பி ஜிடிஎக்ஸ் 260க்கு 399 டாலர். (அப்போது ஒரு டாலர் கிட்டத்தட்ட 43 ரூபாய். பெருக்கிப் பார்த்து மயக்கம் போட வேண்டாம்!) மூன்றே நாளில் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரேடியான் எச்டி 4850 தலைகாட்டியது. அதிகாரபூர்வமாகக் குறித்த நாள் ஜூன் 25 தான். ஆனால் சில கடைக்காரர்கள் முன்கூட்டியே விற்க ஆரம்பித்துவிட்டதால், சோதனை முடிவுகளை வெளியிட விதித்திருந்த தடையையும் சீக்கிரமே நீக்க வேண்டியதாயிற்று. விலை 199 டாலர். பிறகு 25ஆம் தேதி அதன் அண்ணன் எச்டி 4870 வந்தது. விலை 299.

சோதனை முடிவுகளைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். 299 டாலர் எச்டி 4870, 399 டாலர் ஜிடிஎக்ஸ் 260க்குச் சமமாக ஓடியது. சில விளையாட்டுகளில் முந்தவும் செய்தது. பெரிய அண்ணன் ஜிடிஎக்ஸ் 280 இரண்டையும் விட வேகம்தான், சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு வேகம்? விளையாட்டைப் பொறுத்து மாறினாலும், பொதுவாக இருபது சதவீதத்தை ஒட்டியே இருந்தது. விலையோ இரண்டு மடங்குக்கு மேல்.

பிளஸ் ஒன்னில் படித்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி ஞாபகம் இருக்கிறதா? முதல் ஆப்பிளுக்கு இருக்கும் சுகம் ஐந்தாவது ஆப்பிளுக்கு இல்லை என்று சொல்லிக்கொடுப்பார்களே, அதேதான். ஒரு பேச்சுக்கு, 299 டாலர் கார்டில் ஒரு விளையாட்டு நொடிக்கு 50 பிரேம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரேமின் விலை ஏறத்தாழ 6 டாலர். 649 டாலர் கார்டில் 60 பிரேம் என்றால் சராசரி கிட்டத்தட்ட 11 டாலர். பலரும் இந்தச் சராசரியோடு நிறுத்திவிடுவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது கூடுதலாகக் கிடைக்கும் அந்த 10 பிரேமுக்கு என்ன விலை என்பதை. 350 டாலர்! அதாவது பிரேம் ஒன்றுக்கு 35 டாலர். சராசரிக்கும் இறுதிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேர்வில் எழுதுகிறோமோ இல்லையோ, பர்ஸைத் திறக்கும்போது தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து எல்சிடி மானிட்டர்களில் பெரும்பாலானவை நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். அதற்கு மேல் கார்டு எத்தனை பிரேம் தள்ளினாலும் முழுசாகக் கண்ணுக்கு வந்து சேராது. ஜிடிஎக்ஸ் 280இன் பலம் நன்றாகத் தெரிந்தது 2560×1600 அளவுள்ள 30 அங்குல மானிட்டரில். அந்த மானிட்டரே ஆயிரம் டாலருக்கு மேல். 22 அங்குலத் திரையில் 1680×1050 வைத்து விளையாடியவருக்கு அந்தக் கூடுதல் பலம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே தூங்கியது. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் 2007 நவம்பரில் வெளியிட்ட கிரைசிஸ். எந்தக் கார்டைப் போட்டாலும் அதை மூச்சு வாங்க வைத்த விளையாட்டு அது. "இதில் கிரைசிஸ் ஓடுமா?" என்பது பல வருடங்களுக்குக் கணினி ரசிகர்களின் நகைச்சுவையாகவே ஆகிப்போனது.

சரி, ஏஎம்டியால் எப்படி அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தது? அள்ளிக் கொடுக்கும் நிலையிலா இருந்தது அந்த நிறுவனம்? இல்லவே இல்லை.

ரேடியான் கார்டுகளை உருவாக்கிய ஏடிஐ, கனடாவில் டொராண்டோ நகரை ஒட்டிய மார்க்கம் என்ற ஊரைச் சேர்ந்தது. 2006இல் ஏஎம்டி அதை 540 கோடி டாலருக்கு வாங்கியது. கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள், அதே ஆண்டு நவம்பரில் என்விடியா 8800 ஜிடிஎக்ஸ் என்ற கார்டை 599 டாலருக்கு இறக்கியது. அதற்கு எதிராளியே இல்லை. ஏடிஐயின் பதில் எச்டி 2900 எக்ஸ்டி, 2007 மே மாதம் மிகத் தாமதமாக வந்து சேர்ந்தது. பெரிய சிப், நிறைய சூடு, நிறைய சத்தம். 399 டாலர் விலை வைத்து, 8800 ஜிடிஎக்ஸை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்த கார்டோடு மோத வேண்டிய நிலை. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் என்விடியாவே 8800 ஜிடி என்ற கார்டைக் கொண்டுவந்தது. 200 முதல் 250 டாலருக்கு, 599 டாலர் கார்டைத் தொட்டுவிடும் வேகம். சரக்கு கிடைக்காமல் கடைகளில் சொன்ன விலைக்கு மேலே வைத்து விற்கும் அளவுக்குக் கிராக்கி.

ஆக, குறைந்த விலைக்கு நல்ல வேகம் என்பதை 2008இல் ஏஎம்டி புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 2002இல் ஜிஃபோர்ஸ் 4 டிஐ 4200, 2004இல் ஜிஃபோர்ஸ் 6600 ஜிடி என்று 200 டாலர் வட்டாரத்தில் என்விடியாவே பேர் வாங்கிய கார்டுகள் உண்டு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமாக முதலில் பிரம்மாண்டமான சிப் ஒன்றைச் செய்வார்கள். அதன் அடக்க விலையோடு லாபம் சேர்த்து ஒரு விலை வைப்பார்கள். அப்புறம் அதையே வெட்டிக் குறுக்கி மலிவான கார்டு செய்வார்கள். ஏடிஐயில் 2005 வாக்கிலேயே இதைத் தலைகீழாக்கினார்கள். 200 முதல் 300 டாலர் வரை கொடுக்கத் தயாராக இருப்பவர்தான் வாடிக்கையாளர் என்று முதலில் முடிவு. அந்த விலைக்குள் எவ்வளவு பெரிய சிப் அடங்கும் என்பது அடுத்த கேள்வி. அதைவிட அதிக வேகம் வேண்டுமென்றால் அதே சிப்பில் இரண்டை ஒரே கார்டில் வைத்துக்கொள்வது. வணிகவியல் மாணவர்கள் புத்தகத்தில் 'டார்கெட் காஸ்டிங்' என்று படிக்கும் பாடம் இது. புத்தகத்தில் எப்போதும் கார் உதாரணம்தான் வரும்.

சிப்பின் அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சிப் தனித்தனியாகத் தயாராவதில்லை. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கன் தட்டில் (வேஃபர் என்பார்கள்) மொத்தமாகச் செய்து பிறகு வெட்டி எடுப்பார்கள். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்றுதான் செலவு. இரண்டு நிறுவனங்களுக்குமே செய்து கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி. ஜிடிஎக்ஸ் 280இன் சிப் 576 சதுர மில்லிமீட்டர், 140 கோடி டிரான்சிஸ்டர்கள். கணக்குப் போட்டால் ஒரு தட்டில் சுமார் 95 தேறும். எச்டி 4870இன் சிப் ஏறத்தாழ 256 சதுர மில்லிமீட்டர், 95 கோடிக்குச் சற்று மேல் டிரான்சிஸ்டர்கள். ஒரு தட்டில் 230க்கு மேல் தேறும். தோசைக்கல் ஒன்றுதான், வார்க்கிற தோசையின் அளவு வேறு.

அதோடு முடியவில்லை. தட்டில் அங்கங்கே பழுது இருக்கும். சின்னச் சிப் என்றால் பழுது விழுந்த ஒன்றிரண்டு போய்விடும். பெரிய சிப் என்றால் அதே எண்ணிக்கைப் பழுது நிறையச் சரக்கைக் கெடுத்துவிடும். ஜிடிஎக்ஸ் 260 என்பதே, 280இன் சிப்பில் 240 கணக்குப் பகுதிகளில் 192ஐ மட்டும் இயங்கவிட்டு விற்றதுதான். செகண்ட்ஸ் சட்டை வாங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், கேவலமாக நினைக்கத் தேவையில்லை. எச்டி 4850யும் 4870யும்கூட ஒரே சிப்தான். வேகத்திலும் மெமரியிலும்தான் மாறுபட்டன.

அந்த மெமரி விஷயத்தில் ஏடிஐ ஆடியது சூதாட்டம். என்விடியா 512 பிட் அகலமான பாதை போட்டு, பழகிய ஜிடிடிஆர்3 மெமரியைப் பயன்படுத்தியது. அகலப் பாதைக்குப் பெரிய சிப்பும் விலை கூடின கார்டும் வேண்டும். ஏடிஐ 256 பிட்டோடு நின்றுகொண்டு, எந்தக் கார்டிலும் அதுவரை வந்திராத ஜிடிடிஆர்5 மெமரியை நம்பியது. முடிவெடுத்தபோது அந்த மெமரி நேரத்துக்கு வருமா என்பதே நிச்சயமில்லை. வந்தது. பாதி அகலமுள்ள பாதையில் நொடிக்கு 115 ஜிகாபைட் போனது. என்விடியாவின் அகலப் பாதையில் 142. மெமரி வராமல் போயிருந்தால் எச்டி 4870 என்ற கார்டின் கதையே வேறு.

என்விடியா சும்மா இருக்கவில்லை. எச்டி 4850 தலைகாட்டிய அதே நாட்களில், ஏப்ரலில்தான் 300 டாலருக்கு வந்திருந்த 9800 ஜிடிஎக்ஸை 199க்கு இறக்கியது. ஜூலையில் ஜிடிஎக்ஸ் 280 499 டாலர், 260 299 டாலர். ஜூன் கடைசியில் பெருமையாகப் பெட்டியைப் பிரித்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் இரண்டு சிப் வைத்த எச்டி 4870 எக்ஸ்2 549 டாலருக்கு வந்து, அதிவேகக் கார்டு என்ற பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையையும் சொல்லியாக வேண்டும். எச்டி 4850க்கு ஒல்லியான காற்றாடி, சும்மா இருக்கும்போதே கொதிக்கும். எச்டி 4870 வேலையே செய்யாமல் இருக்கும் நேரத்திலும் மின்சாரத்தை நிறையக் குடித்தது. இந்த விஷயத்தில் ஜிடிஎக்ஸ் 280 நல்ல பிள்ளை, ஓய்வு நேரத்தில் அடக்கமாக இருக்கும். விளையாடும்போது அதற்கு 236 வாட் வரை வேண்டும், எனவே நல்ல பவர் சப்ளைக்குத் தனிச் செலவு. இந்தக் கணக்கெல்லாம் கார்டின் விலைச்சீட்டில் வராது. பெயரையும் நம்ப முடியாது. 2008இல் வந்த 9800 ஜிடி அடிப்படையில் பழைய 8800 ஜிடிதான். 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ் 2009 மார்ச்சில் ஜிடிஎஸ் 250 என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்தது.

யார் ஜெயித்தார்கள்? லாப நட்டக் கணக்கைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 2008 ஜூலை 17 அன்று ஏஎம்டி அந்தக் காலாண்டுக்கு ஏறத்தாழ 119 கோடி டாலர் நட்டம் காட்டியது. பெரும்பகுதி, ஏடிஐயோடு சேர்ந்து வந்த கைப்பேசி, டிவி சிப் பிரிவுகளின் நற்பெயர் மதிப்பை எழுதித் தள்ளியதால் வந்தது. அதே நாளில் தலைமை நிர்வாகி ஹெக்டர் ரூயிஸ் விலக, டர்க் மேயர் பொறுப்பேற்றார். மதிப்பு குறைக்கப்பட்ட கைப்பேசி கிராபிக்ஸ் பிரிவை 2009 ஜனவரியில் குவால்காம் 6.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. இன்று கோடிக்கணக்கான செல்போன்களில் இருக்கும் அட்ரினோ அதன் வாரிசு. (ரேடியானின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அந்தப் பெயர் வரும்!) என்விடியாவும் அந்தக் காலாண்டில் ஏறத்தாழ 12 கோடி டாலர் நட்டம். பழுதான லேப்டாப் சிப்புகளுக்காக ஒதுக்கிய 19.6 கோடிதான் முக்கியக் காரணம், ஆனால் விலைக்குறைப்பும் வலிக்கத்தான் செய்தது. இருவருமே கையைச் சுட்டுக்கொண்டார்கள், வாங்கியவர் வீட்டில் மட்டும் கொண்டாட்டம்.

இதில் ஒரு வேடிக்கை. இதே இரண்டு நிறுவனங்களும் போட்டிக்கு எதிராகச் செயல்படுகின்றனவா என்று அமெரிக்க நீதித்துறை 2006 கடைசியில் விசாரிக்கத் தொடங்கியிருந்தது. வழக்கு எதுவும் தொடுக்காமல் விசாரணை முடிந்தது 2008 அக்டோபரில், விலைகள் சரிந்து கிடந்த நேரத்தில். 2009 ஏப்ரலில் ஏஎம்டியின் எச்டி 4890க்கும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 275க்கும் அறிவித்த விலை ஒன்றே: 249 டாலர்.

அந்தக் கோடையில் யாருமே பெரிதாக எடைபோடாத சங்கதி ஒன்று இருந்தது. ஜிஃபோர்ஸ் கார்டில் விளையாட்டு அல்லாத கணக்குகளையும் ஓட்டுவதற்காக 2007இல் என்விடியா குடா என்ற மென்பொருளை வெளியிட்டிருந்தது. ஜிடிஎக்ஸ் 280 சிப்பின் இடத்திலும் அதற்கென ஒரு பங்கு போனது. பிரேம் எண்ணியவர்களுக்கு அது வீண் செலவு. காகிதத்தில் பார்த்தால் எச்டி 4870தான் நொடிக்கு அதிகக் கணக்குப் போடும் கார்டு, 280ஐ விடவும் கூட. ஆனால் எழுதுவதற்கு வசதியான மென்பொருளும், அதைக் கற்றுக்கொண்ட ஆட்களும் இருந்தது எதிர்ப்பக்கம்.

2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் நரம்பு வலைப்பின்னல் ஒன்றை உருவாக்கினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் தொடக்கம் என்று பலரும் காட்டும் அலெக்ஸ்நெட் அதுதான். பயிற்சி ஐந்தாறு நாள் ஓடியது, கடையில் கிடைக்கும் இரண்டு விளையாட்டுக் கார்டுகளில். ஏடிஐ பிறந்த மார்க்கம் பக்கத்து ஊர்தான். கார்டுகள் இரண்டும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 580.