அடிக்கு முன் தோன்றும் அடையாளங்கள்

வீட்டினுள் நிகழும் கொடுமையைச் சட்டம் எப்போது கண்டுகொண்டது என்று வினவினால், மிகவும் காலந்தாழ்த்தே என்று விடையிறுக்க வேண்டியிருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பிறரைக் காயப்படுத்துவதைக் குற்றமாக்கிற்று. அடித்தவன் அயலானாயினும் கணவனாயினும் ஏட்டளவில் குற்றம் ஒன்றே. நடைமுறையிலோ, கணவன் மீது முறையிடச் சென்ற பெண்ணிடம், 'இது குடும்பத் தகராறு, வீட்டுக்குப் போ அம்மா' என்று சொல்லி அனுப்புவதே வழக்கமாயிருந்தது.

1961-இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்றது. கேட்டது கிடைக்காத வீட்டில் மருமகள் படும் பாட்டை அது தீர்க்கவில்லை. 1970-களின் இறுதியில், இளம் மனைவியர் தீக்கிரையான செய்திகளைக் கேட்டுத் தில்லியில் மாதர் வீதிக்கு வந்து முழங்கினர். 1983-இல் தண்டனைச் சட்டத்தில் 498அ என்னும் பிரிவு சேர்ந்தது. கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமை தனிக் குற்றமாயிற்று. மனநலத்துக்கு விளையும் பெருந்தீங்கும் அதில் அடங்கிற்று. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளாக விளங்குகிறது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல், பாலியல், சொல்லும் உள்ளமும், பொருள் என நால்வகைக் கொடுமைகளை அது வகுத்துரைத்தது. அதன் விதிகளோடு இணைந்த படிவங்களைப் படித்தால் நாம் திடுக்கிடுவோம். பிள்ளை இல்லையென்று இழித்துரைத்தல், வெளியே போகவிடாமல் தடுத்தல், குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்கவிடாமை, வேலைக்குப் போகத் தடை, சம்பளத்தைப் பறித்தல், செலவுக்குப் பணம் தராமை: இவையெல்லாம் அங்கே வரிசையாக உள்ளன. இவற்றை நம் வீடுகளில் 'கண்டிப்பு' என்றும் 'கோபக்காரர்' என்றும் சொல்லிக் கடந்திருக்கிறோம்.

ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. 'பாஷை தெரியாத ஊர், தனியே போகாதே' என்பது முதல் மாதத்தில் பரிவாகவே இருக்கக்கூடும். ஆண்டுகள் சென்றபின்னும் அவளை அந்தப் பாஷையைக் கற்கவிடாமல், அண்டை வீட்டாரோடு பேசவிடாமல், தாயோடு தொலைபேசியில் பேசும்போதும் அருகே நின்று கேட்பாராயின், அது பரிவன்று. இன்னும் அடி விழவில்லை என்பதனால் அவ்வீட்டில் தீங்கில்லை என்று நாம் முடிவுகட்டலாகாது.

வீடு தன் பெயரில் இல்லாவிடினும் அதில் வசிக்கும் உரிமையை இச்சட்டம் மனைவிக்கு அளிக்கிறது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனுச் செய்யலாம். அதற்காகச் சொந்த ஊர் திரும்ப வேண்டியதில்லை. பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். 181 என்பது மகளிர் உதவித் தொலைபேசி எண். அடுத்த வீட்டுத் தமிழ்ப் பெண் நெடுநாள் கண்ணிற்படவில்லையெனில், நம் இல்லத்து மாதர் ஒருமுறை சென்று அவளைத் தனியே கண்டு நலம் விசாரித்து வருவது நன்று.