டமாஸ்கஸிலிருந்து டம்ளருக்கு

1950களில் அமெரிக்க வீடுகளில் புழங்கிய பூப்போட்ட கண்ணாடி டம்ளர்களை இன்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அந்தப் பூ வெறும் சாயம் அல்ல, அதுவும் கண்ணாடிதான். நிறமேற்றிய கண்ணாடிப் பொடியைக் குழைத்துத் தீட்டி, மறுபடி சூளையில் வைப்பார்கள். டம்ளர் இளகுவதற்குள் பொடி உருகி ஒட்டிவிட வேண்டும்.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் இந்த எனாமல் வேலையில் சிரியாவும் எகிப்தும் கொடிகட்டிப் பறந்தன. சிரியக் கோப்பை ஒன்று எப்படியோ இங்கிலாந்தின் மஸ்கிரேவ் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. தேவதைகள் விட்டுச்சென்ற பொருள், உடைந்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டமே போய்விடும் என்றொரு கதை அதைச் சுற்றி வளர்ந்தது. அந்தப் பயமே காவலாக, 'ஈடன்ஹாலின் அதிர்ஷ்டம்' என்ற அந்தக் கோப்பை சிறு விரிசலும் இல்லாமல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறது.

வெனிஸ்காரர்கள் சிரியக் கரையில் உடைந்த கண்ணாடியைக்கூட விடவில்லை, மறுபடி உருக்க அள்ளிப்போனார்கள். திரிப்போலியில் கப்பலேறும் கண்ணாடிச் சில்லுகளுக்கான வரி 1277ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது! பிறகு மத்திய ஆசியப் பேரரசர் தைமூர் டமாஸ்கஸைச் சூறையாடி, கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுபோனார். 15ஆம் நூற்றாண்டில் வெனிஸின் முரானோ தீவுப் பட்டறைகள் எனாமல் வேலையில் தேர்ந்துவிட்டன. 1569இல் ஒட்டோமான் பேரரசின் தலைமை அமைச்சர் சொக்கொல்லு மெஹ்மத் பாஷா, பள்ளிவாசல் விளக்குகள் 900 வேண்டுமென்று வெனிஸிடமே கேட்டனுப்பினார். தொழில் போன வழியே சரக்கு திரும்பி வந்தது.

அமெரிக்காவில் தூரிகைக்குப் பதில் ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. 1930களில் கிராஃப்ட் நிறுவனம் சீஸ் ஸ்பிரெட்டை வண்ணச் சித்திரம் போட்ட சின்ன டம்ளர்களில் அடைத்து விற்றது; சீஸ் தீர்ந்ததும் டம்ளர் வீட்டில் தங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கில் புரூக்ளினின் கல்வர் நிறுவனம் 22 காரட் பொன்னாலேயே டம்ளர்களை அலங்கரித்தது. 2007இல் தொடங்கிய 'மேட் மென்' தொலைக்காட்சித் தொடரில் வெள்ளிக்கரை போட்ட டம்ளர்களைப் பார்த்தவர்கள் பழைய பொருள் கடைகளைத் துழாவினார்கள். புதுப் போலிகளும் வரிசையாக வந்தன.

வாங்கியவர்கள் பலர் அவற்றைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுக் கெடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பொன்பூச்சு மிக மெல்லியது. இயந்திரத்துக்கான காரத்தூள் அதையும் எனாமலையும் அரித்துவிடும். வெதுவெதுப்பான நீர், மென்சோப்பு, பஞ்சு போதும். தேய்க்கும் நார் கூடவே கூடாது. மைக்ரோவேவில் வைத்தால் பொன் பொறி பறக்கும். குறைந்த சூட்டில் உருகட்டும் என்று அந்தக் காலத்து எனாமலில் ஈயமும் சேர்த்தார்கள். ஆகவே சித்திரம் உதடு படும் விளிம்புவரை ஏறியிருந்தால் அதில் குடிக்காமல் அலமாரியில் வைப்பதே நல்லது.