பையின் லட்சம் கோடி இலக்கங்கள்: கணக்கிடுவதால் யாருக்கு என்ன பயன்?

ஒரு வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மாறிலியான 'பை'யின் தசம இலக்கங்களைக் கணக்கிடும் உலக சாதனை, 2025-ஆம் ஆண்டில் 300 லட்சம் கோடி இலக்கங்களை எட்டியது. 2019-இல் 31.4 லட்சம் கோடியாகவும், 2022-இல் 100 லட்சம் கோடியாகவும், 2024-இல் 202 லட்சம் கோடியாகவும் இருந்த எண்ணிக்கை இது. ஒவ்வொரு முறை சாதனை முறியடிக்கப்படும்போதும் ஒரே கேள்வி எழுகிறது. பள்ளியில் 22/7 என்றும் 3.14 என்றும் படித்து முடித்த ஓர் எண்ணுக்கு இத்தனை இலக்கங்கள் எதற்கு? மாதக்கணக்கில் கணினிகளை இயக்கிச் செலவிடும் மின்சாரத்திற்கும் பணத்திற்கும் ஈடான பலன் உண்டா?

அந்த இலக்கங்களை நேரடியாகப் பயன்படுத்துவோர் எவரும் இல்லை என்பதே நேர்மையான பதில். ஆனால் அவற்றைக் கணக்கிடும் வேலைக்குப் பயன் உண்டு. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதம் ஆண்டுதோறும் மார்ச் 14 அன்று தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

எத்தனை இலக்கங்கள் போதும்?

அமெரிக்க விண்வெளி முகமையான நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், கோள்களுக்கு இடையிலான விண்கலப் பயணங்களுக்கு 3.141592653589793 என்ற மதிப்பையே பயன்படுத்துகிறது. தசமப் புள்ளிக்குப் பின் 15 இலக்கங்கள் மட்டுமே. இது எவ்வளவு துல்லியம் என்பதை எளிய கணக்கில் காணலாம். பூமியிலிருந்து வெகு தொலைவு சென்றுள்ள வாயேஜர் 1 விண்கலத்தின் தூரத்தை ஏறத்தாழ 2,500 கோடி கிலோமீட்டர் எனக் கொள்வோம். அதையே ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து, இந்த 15 இலக்க மதிப்பால் அதன் சுற்றளவைக் கணக்கிட்டால், ஏற்படும் பிழை சுமார் 1.2 சென்டிமீட்டர். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டாலோ பிழை 3 நானோமீட்டர் அளவே வரும்.

அன்றாடம் கைபேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ் அமைப்பின் தொழில்நுட்ப வரையறை 13 தசம இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது. நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதையும் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதன் சுற்றளவை ஒரு ஹைட்ரஜன் அணுவின் அளவுக்குப் பிழையின்றிச் சொல்ல வேண்டுமானால்கூட 40 இலக்கங்கள் தாராளம்.

இவ்வகைக் கணக்கு புதியதன்று. பாரசீகக் கணித அறிஞர் அல்-காஷி, 1424-இல் பையின் மதிப்பை 16 தசம இலக்கங்கள் வரை கணக்கிட்டார். பூமியின் விட்டத்தைப் போல் 6 லட்சம் மடங்கு விட்டமுள்ள ஒரு வட்டத்தின் சுற்றளவில்கூட ஒரு முடியின் பருமனளவு பிழையும் வரக் கூடாது என்பதே அவர் தமக்கு விதித்துக்கொண்ட இலக்கு. எத்தனை இலக்கம் போதும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் கணக்கைத் தொடங்கியவர் அவர். பின்னர் வந்தோர் பலர் அவ்வாறு செய்யவில்லை.

கைபேசிக்குள் 476 இலக்கங்கள்

ஆயினும் '15 போதும், 40-க்கு மேல் வீண்' என்று முடித்துவிடுவது முழு உண்மை ஆகாது. பரவலாகப் பேசப்படாத ஒரு விதிவிலக்கு, நம் ஒவ்வொருவரின் கணினியிலும் கைபேசியிலும் இருக்கிறது.

சைன், கொசைன் போன்ற கோணச் சார்புகள், ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு முறை அதே மதிப்புக்குத் திரும்பி வருபவை. எனவே ஒரு பெரிய எண்ணின் சைன் மதிப்பைக் காண, கணினி முதலில் அதிலுள்ள முழுச் சுற்றுகளை எல்லாம் கழித்துவிட்டு, எஞ்சிய சிறு கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சுற்று என்பது பையின் இரு மடங்கு. பையில் உள்ள நுண்ணிய பிழை, சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கப்படுகிறது. 1-க்குப் பின் 22 பூச்சியங்கள் கொண்ட எண்ணின் சைன் மதிப்பு, இத்தகைய நிரல்களைச் சோதிக்கப் பயன்படும் பிரபலமான எடுத்துக்காட்டு. அதை நாசாவின் 15 இலக்க மதிப்பைக் கொண்டு கணக்கிட முயன்றால், கழிக்க வேண்டிய சுற்றுகளில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முழுச் சுற்றுகள் பிழையாகிவிடும். கிடைக்கும் விடைக்குப் பொருளே இராது.

கணினியின் வழக்கமான இரட்டைத் துல்லிய எண்கள் 308 பூச்சியங்கள் வரை நீளக்கூடியவை. அவை அனைத்துக்கும் சரியான விடை தர வேண்டுமெனில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் தேவை. இதற்கான முறையை பேன், ஹானெக் என்ற இருவர் 1983-இல் வெளியிட்டனர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990-களில் இலவசமாக வெளியிட்ட கணித நிரல் தொகுப்பில், 2-ஐப் பையால் வகுத்தால் கிடைக்கும் எண் 476 தசம இலக்கங்களுக்கு இணையான நீளத்தில் ஓர் அட்டவணையாகப் பொதிந்துவைக்கப்பட்டது. அந்த நிரலின் வழித்தோன்றல்களே ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் குரோம் உலாவியிலும் இன்று இயங்குகின்றன.

இலக்கங்களில் சிக்கனம் பிடித்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. இன்டெல் செயலிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு சைன் கட்டளை, பையை 66 பிட் துல்லியத்தில், அதாவது சுமார் 20 தசம இலக்க அளவில் மட்டுமே வைத்துக் கணக்கிடுகிறது. பைக்கு மிக நெருங்கிய எண்களைக் கொடுத்தால் விடையின் முதல் நான்கைந்து இலக்கங்களே சரியாக வருகின்றன. நிறுவனத்தின் கையேடோ மிக உயர்ந்த துல்லியம் கிடைக்கும் எனக் கூறிவந்தது. 2014-இல் இது பொதுவெளியில் சுட்டிக்காட்டப்பட்ட பின் கையேடு திருத்தப்பட்டது.

கும்பகோணத்தின் பங்கு

நூற்றுக்கணக்கில் உள்ள தேவைக்கும் லட்சம் கோடிகளில் உள்ள சாதனைக்கும் இடையிலான தூரத்தை இதுவும் நிரப்பிவிடாது. அந்த இடைவெளியில் இருப்பது கணக்கிடும் முறைகளின் வரலாறு. அதில் இந்தியாவின் பங்கு பெரிது.

கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆர்யபட்டீயம், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62,832 என்று கூறி, அது தோராயமான மதிப்பே என்பதையும் குறிப்பிட்டது. 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராம மாதவர், முடிவில்லாத் தொடர் ஒன்றின் கூட்டலாகப் பையை எழுதலாம் எனக் கண்டார். ஐரோப்பாவில் லைப்னிட்ஸின் பெயரால் பின்னர் அறியப்பட்ட தொடர் அது. வடிவத்தில் அழகான அத்தொடர் நடையில் ஆமையை ஒத்தது. 10 தசம இலக்கங்கள் சரியாக வர, ஏறத்தாழ 500 கோடி உறுப்புகளைக் கூட்ட வேண்டும். மாதவர் அத்தனையும் கூட்டவில்லை. எஞ்சிய பகுதியை ஈடுசெய்யும் திருத்த உறுப்புகளைச் சேர்த்து, 3.14159265359 என்ற அளவுக்கு நெருங்கிய மதிப்பை அவர் மரபினர் எட்டினர்.

கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன், 1914-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பைக்கான 17 தொடர்களைக் கொடுத்தார். அவற்றில் புகழ்பெற்ற ஒன்றின் முதல் உறுப்பே 6 தசம இலக்கங்களைச் சரியாகத் தருகிறது. அதன் பின் ஒவ்வோர் உறுப்பும் ஏறக்குறைய 8 இலக்கங்களைச் சேர்க்கிறது. கணினியே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட இச்சூத்திரம், எழுபது ஆண்டுகள் கழித்து 1985-இல் பில் காஸ்பர் என்ற அமெரிக்க நிரலாளரின் கையில் 1.7 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைத் தந்தது. அப்போது சூத்திரத்திற்கு முழுமையான நிரூபணம் வெளியாகியிருக்கவில்லை என்பது வியப்பு. அதே வழியில் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் 1980-களின் இறுதியில் உருவாக்கிய சூத்திரம், உறுப்புக்கு 14 இலக்கங்கள் தருவது. இன்றைய சாதனைகள் அனைத்தும் இதைக் கொண்டே நிகழ்த்தப்படுகின்றன.

இதே துறையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியலாளர்கள் அர்னாப் சாஹா, அனிந்தா சின்ஹா ஆகியோர் 2024-இல் பைக்கான புதிய தொடர் ஒன்றை வெளியிட்டனர். அவர்கள் பையைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். இழைக் கோட்பாட்டில் துகள்களின் மோதலை விவரிக்கும் கணக்குகளை எளிமையாக்க முயன்றபோது அத்தொடர் கிடைத்தது. அதன் ஓர் எல்லை நிலையில் மாதவரின் தொடரே வந்து நிற்கிறது. மாதவர் தொடருக்கு 500 கோடி உறுப்புகள் தேவைப்படும் துல்லியத்தைச் சுமார் 30 உறுப்புகளில் இது எட்டும். சாதனைக் கணக்குகளுக்குச் சுட்னோவ்ஸ்கி முறையே இன்னும் வேகமானது என்பதால், இதை 'பையை வேகமாகக் கணக்கிடும் கண்டுபிடிப்பு' என வருணித்த செய்திகள் சற்று மிகை.

சூத்திரத்தை விடவும் அதிகம் பயன்பட்டது பெருக்கல். 10 லட்சம் இலக்கங்கள் கொண்ட இரு எண்களைப் பள்ளியில் கற்ற முறையில் பெருக்கினால், ஒரு லட்சம் கோடி சிறு பெருக்கல்கள் தேவை. இதைவிடச் சுருக்கமான வழி இருக்க முடியாது என்றே ரஷ்ய மேதை கோல்மோகரோவ் கருதினார். 1960-இல் அவருடைய கருத்தரங்கில் அதைக் கேட்ட 23 வயது மாணவர் கராட்சுபா, ஒரு வாரத்துக்குள் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார். 1971-இல் ஷோன்ஹாகே, ஸ்ட்ராசன் இருவரும் அதனினும் வேகமான முறையைத் தந்தனர். இம்முறைகள் பைக்காகப் பிறந்தவை அல்ல. ஆனால் அவற்றின் நிரல்களை எல்லை வரை விரட்டிப் பார்க்கும் களமாகப் பை அமைந்தது. இணையவழிப் பணப் பரிமாற்றங்களைக் காக்கும் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி, 617 தசம இலக்கங்கள் நீளமுள்ள எண். அத்தகைய எண்களைக் கண நேரத்தில் பெருக்குவதே அப்பாதுகாப்பின் அடிப்படை வேலை.

விடை தெரிந்த தேர்வு

இன்று கிடைக்கும் உறுதியான நேரடிப் பயன் கணினிகளைச் சோதிப்பதுதான். பைக்கு ஒரே ஒரு சரியான மதிப்பே உண்டு. கோடிக்கணக்கான படிகளில் எங்கேனும் ஒரு பிட் மாறினாலும் இறுதி இலக்கங்கள் முற்றிலும் சிதைந்துவிடும். தவறு மறைந்துகொள்ள இடமே இல்லாத தேர்வு இது.

1986-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் டேவிட் பெய்லி, கிரே-2 மீக்கணினியில் 2.9 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கணக்கிட்டார். வேறு எந்தச் சோதனையிலும் தென்படாத வன்பொருள் கோளாறுகள் ஒரு கிரே-2 இயந்திரத்தில் இருப்பதை அவருடைய நிரல் காட்டிக்கொடுத்தது. இதற்கு நெருங்கிய உறவுள்ள வேறொரு நிகழ்வு 1994-இல் நடந்தது. இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டிருந்த அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, தம் விடைகள் பொருந்தாமல் போவதைக் கவனித்தார். இன்டெல் பென்டியம் செயலி சில எண்களைத் தவறாக வகுக்கிறது எனத் தெரியவந்தது. செயலிகளை மாற்றித் தர அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இன்றைய சாதனைகளில் சோதனைக்குள்ளாவது செயலியை விடச் சேமிப்பகமும் தரவுப் போக்குவரத்துமே. 2022-இல் கூகுள் மேகக் கணினிகளில் எம்மா ஹருகா இவாவோ நிகழ்த்திய 100 லட்சம் கோடி இலக்கச் சாதனை சுமார் 157 நாட்கள் நீடித்தது. அதில் 82 பெட்டாபைட் தரவு வட்டுகளுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓடியது. அண்மைச் சாதனைகளில் சேமிப்பகத் தயாரிப்பு நிறுவனங்களின் பெயர்கள் முன்வரிசையில் நிற்பதன் காரணம் இதுவே. அவற்றில் விளம்பர நோக்கமும் கலந்திருப்பதை மறைக்கத் தேவையில்லை.

தீராத கேள்வி

பையின் இலக்கங்களில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் சம வாய்ப்புடன் வருகிறதா என்பது கணிதத்தில் இன்னும் விடையில்லாத வினா. 1949-இல் எனியாக் கணினி சுமார் 70 மணி நேரத்தில் 2,037 இலக்கங்களைக் கணக்கிட்டதே, அவற்றின் பரவலை ஆராயலாம் என ஜான் வான் நாய்மன் ஆர்வம் காட்டியதால்தான். இதுவரை கணக்கிட்டவை அனைத்தும் சமவாய்ப்புக்கு இசைவாகவே உள்ளன. ஆனால் எத்தனை லட்சம் கோடி சேர்ந்தாலும் அது நிரூபணம் ஆகாது. உலகின் எல்லா நூல்களும் எல்லோருடைய தொலைபேசி எண்களும் பைக்குள் ஒளிந்திருக்கின்றன என்று சமூக ஊடகங்களில் உலவும் செய்தி, இந்த நிரூபிக்கப்படாத கருத்தின் மேல் நிற்பது. என்றேனும் இலக்கங்கள் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கும் இடமில்லை. அவை முடிவதும் இல்லை, ஒரே வரிசை சுழன்று வருவதும் இல்லை என்பதை லாம்பெர்ட் 1761-இலேயே நிறுவிவிட்டார். இலக்கங்கள் ஒழுங்கற்றுத் தோன்றுகின்றன என்பதற்காக ரகசியச் சாவியாகவும் அவற்றைக் கொள்ள முடியாது, எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பதால்.

கணக்கு சரிதானா என்பதை எப்படி அறிவது? பிரிட்டனின் வில்லியம் ஷாங்ஸ் பல ஆண்டுகள் கையால் கணக்கிட்டு 1873-இல் வெளியிட்ட 707 இலக்கங்கள், 1937-இல் பாரிஸ் அறிவியல் அருங்காட்சியகத்தின் சுவரிலும் இடம்பெற்றன. 528-ஆம் இடத்திலிருந்து அனைத்தும் தவறு என்பது 1940-களில்தான் தெரியவந்தது. இன்று அந்த நிலை இல்லை. முந்தைய இலக்கங்களைக் கணக்கிடாமலேயே, பதினாறடிமான எண் முறையில் விரும்பிய இடத்து இலக்கத்தை மட்டும் தரும் சூத்திரம் ஒன்றை 1995-இல் சைமன் ப்ளூஃப் கண்டறிந்தார். அதையும் ஒரு கணினி நிரலின் துணையோடு, நூற்றுக்கணக்கான இலக்கத் துல்லியத்தில் எண்களை ஒப்பிட்டுத் தேடியே கண்டனர். சாதனைக் கணக்கின் கடைசி இலக்கங்களை இந்த வேறு வழியிலும் கணக்கிட்டு ஒப்பிட்ட பின்னரே முடிவு அறிவிக்கப்படுகிறது. 2022-இல் அவ்வாறு சரிபார்க்கப்பட்டு வெளியான முடிவின்படி, பையின் 100 லட்சம் கோடியாவது தசம இலக்கம் 0.