மணமேற்குடி: எல்லைக்கோடுகளின் ஓரத்தில் ஓர் ஊர்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடல் இருந்ததில்லை. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்கள் நாற்புறமும் சூழ, நிலத்தின் நடுவே கிடந்த நாடு அது. உப்புக்குக்கூட மண்ணையே நம்பியிருந்தது. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தனர். அந்த மண்ணுப்புத் தொழிலையும் 1887-இல் ஆங்கில அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் கைவிட்டு, ஆண்டுக்கு 38,000 ரூபாய் ஈட்டுத்தொகையாகப் பெற்றுக்கொண்டது. இன்று மாவட்ட வரைபடத்தில் கட்டுமாவடி தொடங்கி மீமிசலுக்கு அப்பால் வரை சுமார் 40 கிலோமீட்டர் நீளத்திற்குத் தெரிகின்ற கடற்கரை, மன்னராட்சி மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், 1974 சனவரி 14-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துப் புதிய மாவட்டம் அமைத்தபோது வந்து சேர்ந்தது. அதுவரை அது தஞ்சாவூர்க் கடற்கரை.

அக்கரையில் இருக்கும் மணமேல்குடியைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். வட்டத்திற்கும் ஊராட்சி ஒன்றியத்திற்கும் தலைமையிடம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரைத் தொட்டுச் செல்கிறது. எனினும் நகராட்சியன்று, பேரூராட்சியுமன்று. ஓர் ஊராட்சி, அவ்வளவே. (நூல்வழக்கில் புணர்ச்சி விதிக்கு அடங்கி ‘மணமேற்குடி’, பேருந்துப் பலகையில் விதியை மீறி ‘மணமேல்குடி’. நாம் இரண்டையும் எழுதுகிறோம்.)

இவ்வூரின் வரலாற்றைத் தேடப் புகுவோர் முதலில் சந்திப்பது ஒரு வெற்றிடம். தமிழகத்தில் புதுக்கோட்டையளவு ஒழுங்காகத் தன்னை எழுதிவைத்துக்கொண்ட நிலப்பகுதிகள் சிலவே. 1916-இல் இராதாகிருஷ்ண ஐயரின் வரலாறு, 1929-இல் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலத் தொகுதி, பின்னர் கே.ஆர். வேங்கடராம ஐயரின் மானுவல் என அடுத்தடுத்து வந்த நூல்கள் குளம், குன்று, கோயில் என ஒன்றுவிடாமல் பேசுகின்றன. ஆனால் அவை சமஸ்தான எல்லையோடு நின்றுவிடும். மறுபுறம், ஹெமிங்வே 1906-இல் தொகுத்த தஞ்சாவூர் கெசட்டியருக்கோ கண்ணெல்லாம் காவிரிப் படுகையின் மீது. தெற்குக் கோடியில் கிடக்கும் இவ்வறண்ட கரைக்கு அதில் கிடைப்பது ஓரிடம்தான். இரண்டு நல்ல நூல்மரபுகளுக்கு நடுவே விழுந்த ஊர் என்று மணமேற்குடியைச் சொல்லலாம்.

ஆனால் பக்தி இலக்கியம் இவ்வூரைக் கைவிடவில்லை. ஏழாம் நூற்றாண்டில் பாண்டியன் நின்றசீர் நெடுமாறனுக்கு அமைச்சராக இருந்த குலச்சிறையார் பிறந்த ஊர் இது. அரசன் சமணத்தில் நிற்க, அரசி மங்கையர்க்கரசியாரும் அமைச்சரும் சைவத்தைப் பேணி, ஞானசம்பந்தரை மதுரைக்கு அழைத்த கதை வாசகர்கள் அறிந்ததே. திருஆலவாய்ப் பதிகமொன்றில் சம்பந்தர் ஒரு பாட்டில் அரசியையும் அடுத்த பாட்டில் அமைச்சரையும் மாறிமாறிப் போற்றுகிறார். உயிரோடிருக்கும் ஓர் அரசு அலுவலருக்குத் தேவாரத்தில் இத்துணை இடம் கிடைத்தது அரிது. சுந்தரர் அவரைப் ‘பெருநம்பி’ என்றார்.

நமக்கு ஊரின் பெயரைத் தருபவர் இவ்விருவருக்கும் பின்வந்த நம்பியாண்டார் நம்பி. குலச்சிறையாரை மணமேற்குடியின் தலைவர் என்று திருத்தொண்டர் திருவந்தாதியில் சுட்டுகிறார். சமணரைக் கழுவேற்றியவர் அவர் என்னும் செய்தியும் அதே பாட்டில்தான் வருகிறது. சம்பந்தர் பதிகங்களில் கழுவேற்றம் பேசப்படவில்லை என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அது நிகழ்ந்ததா, பிற்காலப் பெருமிதம் புனைந்துகொண்டதா என்னும் வழக்கில் நாம் இரண்டாம் தரப்பின் பக்கமே சாய்கிறோம். ஆயினும் ஒரு சிற்றூர் இலக்கியத்துள் தன் பெயரோடு நுழையும்போதே இப்படியொரு சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு நுழைவது மனத்தை உறுத்துகிறது. ஊரின் சகதீசுவரர் கோயிலில் ஆவணி அனுடத்தன்று அடியவர்கள் குலச்சிறையாரைக் கொண்டாடுகின்றனர். சமணர் கற்படுக்கைகளும் ஓவியங்களும் உள்ள சித்தன்னவாசலோ இதே மாவட்டத்தின் மறுபுறத்தில் இருக்கிறது. 1974-க்கு முன் இவ்விரண்டையும் ஒரே மாவட்டத்தின் பெருமைகளாக எவரும் பட்டியலிட்டிருக்க முடியாது!

சேக்கிழார் இவ்வூரைப் பாண்டிநாட்டில் வைப்பதற்குப் புவியியலே காரணம். மணமேற்குடிப் பகுதியில் கடலைச் சேரும் தென்வெள்ளாறு, சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் எல்லையாக மரபில் சொல்லப்படுவது. அக்காலத்திலும் இது ஓர் எல்லையோரத்து ஊர்தான்.

மேற்கே உள்ள ஆவுடையார்கோயிலின் பழம்பெயர் திருப்பெருந்துறை. இன்று கடற்காற்றுக்கூட எட்டாத உள்நாட்டில் நிற்கும் அவ்வூருக்குத் ‘துறை’ என்ற பெயர் ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. கீழைக்கடற்கரையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னோடு வாதவூரர் வந்ததும், அங்கே குருவைக் கண்டதும், பொன் கோயிலுக்குச் செலவானதும் புராணம். புராணத்தை விட்டுவிட்டாலும் குதிரை வணிகம் எஞ்சுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரை நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் கடல்வழியே குதிரைகளை வருவித்ததையும், பேணத் தெரியாமல் அவற்றைச் சாகவிட்டதையும் எழுதிவைத்தார். மணமேற்குடிக்குத் தெற்கே கோட்டைப்பட்டினத்தில் மக்கள் சமயம் கடந்து கூடும் தர்கா இராவுத்தர் அப்பா பெயரில் அமைந்தது. ‘இராவுத்தர்’ என்பது குதிரைவீரரைக் குறித்த சொல். அருணகிரிநாதர் முருகனையே அச்சொல்லால் விளித்தவர். இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டிவிட நாம் துணியவில்லை. ஆனால் அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று பட்டினங்களாகவே தொடரும் இக்கரையின் பெயர்கள், வெறும் மீன்பிடி குப்பங்களுக்கு வைத்தவையாகத் தோன்றவில்லை.

இங்குள்ள கடல் பாக் நீரிணை. ஆழமற்றது, பேரலை அற்றது. 2004 ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை அழித்ததுபோல் இக்கரையை அழிக்காததற்கு, இலங்கைத்தீவு குறுக்கே நின்றதும் ஒரு காரணம். கசா புயல் (2018 நவம்பர்) அத்தகைய தயவு காட்டவில்லை. தென்னையும் படகும் ஒருசேரப் போயின. இறாலும் நண்டும் மலிந்த இச்சிறு கடலில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், ஏனைய நாள்களில் நாட்டுப்படகுகள் என்றொரு முறையை ஏற்படுத்திக்கொண்டு தொழில் செய்கின்றனர். கோட்டைப்பட்டினமும் செகதாப்பட்டினமும் விசைப்படகுத் தளங்கள்.

மாவட்டம் பிறந்த அதே 1974-ஆம் ஆண்டு சூன் திங்களில், இந்தியாவும் இலங்கையும் இந்நீரிணையில் எல்லைக்கோடு வரைந்தன. கச்சத்தீவு கோட்டிற்கு அப்பால் போனது. புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்து ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை! 1976-இல் மற்றோர் உடன்பாடும், மீன்பிடிப்பு குறித்த கடிதப் பரிமாற்றமும் வந்தன. கோடு தாளில் இருந்தவரை பெரிதாக எதுவும் நிகழவில்லை. 1983-க்குப்பின் போரினால் வடஇலங்கை மீனவர் கடலிறங்க இயலாது முடங்கியபோது, இக்கரையின் இழுவைமடிப் படகுகள் பெருகின. 2009-க்குப்பின் அவர்கள் திரும்பி வந்து தம் வலைகள் அறுபடுவதைக் கண்டனர். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. கைது, படகு பறிமுதல் என்று நாம் நாளிதழில் படிக்கும் செய்திகளில் இலங்கைக் கடற்படையின் கடுமையைக் கண்டிக்கிறோம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் அடித்தரையைச் சுரண்டும் மடியால் கெடுவது அக்கரையில் தமிழ் பேசுகிற மற்றொரு மீனவனின் பிழைப்பு என்பதை நம் மேடைகளில் எவரும் உரக்கச் சொல்லுவதில்லை.

2021 சனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட விசைப்படகொன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதுண்டு மூழ்கியது. மோதியது யார் என்பதில் இரு தரப்பும் இருவேறு கதை சொல்லின. படகிலிருந்த நால்வரும் இறந்தனர். நால்வரும் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் அகதி.