சென்னையின் வெளிவளையம்: 1758–59 முற்றுகையில் கோவளமும் செங்கல்பட்டும்

1758 டிசம்பர் 14 அன்று சென்னைக் கோட்டைக்கு வெளியே இருந்த கருப்பர் பட்டணத்தைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லாலி, 1759 பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடிக்காமலே பின்வாங்கினார். இந்த முற்றுகையைப் பற்றிய பேச்சு வழக்கமாகக் கோட்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது: ஆளுநர் பிகட்டின் உறுதி, படைத்தலைவர் லாரன்சின் அனுபவம், மதில்களின் வலிமை. ஆனால் மாகாணத் தலைநகரின் தலைவிதி அதற்குத் தெற்கே, செங்கல்பட்டுச் சீமையில் முடிவானது என்பதே என் வாதம். 1746இல் இதே கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சில நாட்களிலேயே விழுந்தது. அப்போது முற்றுகையிட்டவனை வெளியிலிருந்து நெருக்கும் படை எதுவும் இல்லை. ஆற்காடு நவாபின் படை வந்தபோது கோட்டை கைமாறிவிட்டிருந்தது. அந்தப் படையும் அடையாற்றங்கரையில் தோற்றது.

இடைப்பட்ட காலத்தில் நிலைமையை மாற்றியது 1752ஆம் ஆண்டுப் படையெடுப்பு. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையைப் பயிற்சி குறைந்த புதுப்படையுடன் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் பிடித்தார். அடுத்துச் செங்கல்பட்டும் பணிந்தது. கிளைவின் வாழ்க்கை வரலாறுகள் இதை அவருடைய துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லிச் செல்கின்றன. அதன் பயன் ஆறாண்டு கழித்தே தெரிந்தது. லாலி சென்னைக்கு வந்தபோது செங்கல்பட்டுக் கோட்டையைப் பார்வையிட்டார். ஏரியும் மதிலும் காத்த அக்கோட்டையை விரைவில் வெல்ல முடியாது என்று கண்டு, அதை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு மேலே நடந்தார். அவருடைய கப்பற்படை ஏற்கெனவே மொரீஷியசுக்குத் திரும்பியிருந்தது. ஆகவே புதுச்சேரியிலிருந்து வெடிமருந்தும் அரிசியும் பெரும்பாலும் தரைவழியாகவே வர வேண்டியிருந்தது. அந்த வழிக்கு இடைஞ்சலாகச் செங்கல்பட்டில் ஆங்கிலேயக் கேப்டன் பிரஸ்டனும், தெற்கிலிருந்து சிப்பாய்களுடன் வந்த யூசுப் கானும் நின்றார்கள். பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி கேலியாடும் அவர்களுடன் சேர்ந்துகொள்ள, 9ஆம் நாள் பரங்கிமலையில் சண்டை மூண்டது. முற்றுகையிட்டவனே தன் முதுகைக் காக்கப் படையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. இதற்கான விலையைச் சுற்றுக் கிராமங்கள் கொடுத்தன. நெல்லும் மாடும் இரு தரப்புக்கும் இரையாயின. முற்றுகை வரலாற்றில் அக்கிராம மக்களுக்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

பிப்ரவரி 16 மாலை வந்த ஆங்கிலேயக் கப்பல்களே சென்னையைக் காத்தன என்று மறுக்கலாம். லாலியைக் கிளப்பியது அவை என்பது உண்மை. ஆனால் இரண்டு மாதம் கழித்து வந்த உதவி பயன்பட வேண்டுமானால், அதுவரை கோட்டை நிலைத்திருக்க வேண்டும். அந்த அவகாசம் எப்படிக் கிடைத்தது என்பதே கேள்வி. 1746க்குப் பின் மதில்கள் பலப்படுத்தப்பட்டன என்ற மறுப்பு இன்னும் வலுவானது. மதில் காலத்தை வாங்கித் தரும் என்பதை ஏற்கிறேன். ஆயினும், உணவும் வெடிமருந்தும் தடையின்றி வரும் படைக்குக் காலம் பகையாவதில்லை. லாலியின் கருவூலம் வெறுமையாக இருந்ததும் என் வாதத்துக்கு எதிரான சான்று அன்று. சம்பளம் பெறாத படைக்குச் சோறும் தாமதமானால் அதன் உறுதி இன்னும் வேகமாகக் குலையும்.

இந்த விளக்கம் வான்போர்க் காலத்துக்கும் பொருந்துமா? இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு தாக்கப்பட்டபோது, அங்குள்ள இரத்மலானை விமானத் தளத்தில் போர்விமானங்கள் தரையில் நின்றிருக்கையிலேயே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டனர். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அதையடுத்து, எதிரிக் கப்பல்கள் சென்னையை நெருங்குவதாக வந்த தவறான தகவலால் நகரமே காலியாயிற்று; அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. காவல் வெளியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி இங்கும் நிற்கிறது. வெளி என்பதன் தூரம்தான் மாறிவிட்டது. கோவளம் காலாட்படைக்கு ஒரு நாள் நடை, விமானத்துக்குச் சில நிமிடம். அதனால் 1942இன் வெளிவளையம் கரையில் அமைந்திருக்க முடியாது. வங்கக் கடலுக்குள் நெடுந்தொலைவு சென்று தேடும் ரோந்து விமானங்களே அந்த வளையமாக முடியும். கொழும்புக்கு அப்படி ஒரு காவல் இருந்தது: ஏப்ரல் 4 அன்று பர்ச்சல் என்ற கனடிய விமானி எதிரிக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தி கிடைத்தும் விமானத் தளம் மறுநாள் காலை ஆயத்தமாக இல்லை. செங்கல்பட்டில் பிரஸ்டனுக்கும் யூசுப் கானுக்கும் எதிரியைப் பார்த்தலும் தடுத்தலும் ஒரே வேலையாக இருந்தன. கொழும்பில் அவை இரண்டு கைகளில் பிரிந்து கிடந்தன.